வாழையடி வாழையும் பலாக்கொட்டையும்: பால்வழிப் பிறப்பின் தோற்றமும் பயனும் குறித்து ஓர் ஆராய்ச்சி

1. வினா

மணமக்களை ஆசீர்வதிக்கும்போது ‘வாழையடி வாழையாக’ வம்சம் தழைக்க வேண்டும் என்று சொல்வது தமிழர் வழக்கம்; ஆனால் அவ்வாறு உவமையாக எடுத்தாளப்படும் வாழை விவாகத்தின் வாடையே அறியாத ஜீவன் என்பதும், தாய்மூட்டிலிருந்து கிளைக்கும் கன்றுக்குத் தந்தை என்று எவரையும் சுட்ட முடியாது என்பதும், அது தாயின் பிள்ளை என்பதைவிடத் தாயே மறுபடி எழுந்து நிற்பது என்பதுதான் பொருந்தும் என்பதும் பந்தலில் நிற்கும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கிராமங்களில், தமிழர் விளை என்றும் மலையாளிகள் புரயிடம் என்றும் வழங்கும் வீட்டுத் தோட்டம் எதற்குள் நுழைந்தாலும், இரண்டு குலத்துத் தாவரங்கள் அருகருகே வாழக் காணலாம். ஏத்தன், மட்டி, செந்துளுவன், பாளையங்கோடன் முதலிய வாழைகள் கன்றினாலும், மரச்சீனி என்னும் மரவள்ளி கம்பினாலும், வெற்றிலையும் நல்லமிளகும் கொடித்துண்டினாலும் பெருகுவன, இவை முதற்குலம். பலாவும் அயனியும் தென்னையும் கமுகும் இரண்டாவது குலம்; பூத்து, மகரந்தம் ஏற்று, விதையாகி, அந்த விதை முளைத்தே இவை வம்சம் வளர்க்கும். மேட்டு நிலத்து ரப்பரோ இரண்டு குலத்தையும் ஓருடலில் தாங்கி நிற்பது; அதன் வேர் விதையில் முளைத்தது, அதன்மேல் ஒட்டுக்கட்டிய தண்டு வேறொரு மரத்தின் அச்சுப்படி.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடும் சேர்ந்தன. மனிதரைப் பிரித்த அந்தக் கோட்டின் இருபுறமும் நிற்கும் ஏத்தன் மூடுகளை உயிரியல் நோக்கில் பார்த்தால், மொட்டுமாற்றத்தால் நேர்ந்த சில்லறை வேறுபாடுகள் நீங்கலாக, அவை ஆயிரம் தோட்டங்களில் கால் பரப்பி நிற்கும் ஒரே ஆசாமி என்றே கொள்ள வேண்டும். எதிரில் நிற்கும் பலாக்களிலோ ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

இந்தக் காட்சியிலிருந்து எழும் வினா இதுதான்: கன்றும் கம்பும் இத்துணை எளிதாகக் காரியத்தை முடிக்கும்போது, பூவும் மகரந்தமும் ஆணும் பெண்ணுமாகிய சுற்றுவழியை இயற்கை ஏன் மேற்கொண்டது? மேற்கொண்டபின் ஏன் கைவிடவில்லை? இவற்றுக்கு அறிஞர் கூறியுள்ள விடைகளை முதலில் தொகுத்து, பின்னர் இவ்வெல்லைப்புறத்துப் பயிர்களை உரைகல்லாகக் கொண்டு அவற்றை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. செலவுக் கணக்கு

பால்வழி இனப்பெருக்கம் நஷ்டமான வியாபாரம் என்பதை 1970-களில் கணிதமாகவே எடுத்துக்காட்டியவர் ஆங்கிலேய அறிஞர் ஜான் மேனார்டு ஸ்மித். பிழைத்து வளரக்கூடிய இரண்டு பிள்ளைகளை ஒரு தாய் பெறுகிறாள் என்று கொள்வோம். பால்வழி வம்சத்தில் அவ்விரண்டில் ஒன்று பெண், ஒன்று ஆண். ஆகவே தலைமுறைதோறும் பெண்களின் தொகை ஒன்றாகவே நிற்கும். ஆணின்றிப் பெறும் வம்சத்தில் இரண்டும் பெண். அது இரண்டு, நான்கு, எட்டு எனப் பெருகிப் பத்தாவது தலைமுறையில் 1,024 ஆகிவிடும். இந்த ‘இரட்டைச் செலவு’ உண்மையானால், ஆணை வேண்டாத ஒரு பிறழ்வு ஓர் இனத்தில் ஒருமுறை தோன்றிவிட்டால் போதும், சொற்பக் காலத்தில் அதுவே அந்த இனம் முழுவதையும் ஆட்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுத் தோட்டத்துப் பலாவுக்கு இந்தக் கணக்கை அப்படியே ஒப்புவிப்பது நியாயமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்பூங்கதிரும் பெண்பூங்கதிரும் ஒரே மரத்தில் தோன்றுவதால் அங்கே ஆண் என்று தனியொரு மரத்தைத் தீனியிட்டு வளர்க்கும் செலவு இல்லை. எனினும் மகரந்தம் சிந்திக் கறுத்து உதிரும் கதிர்களும், மகரந்தச் சேர்க்கைக்காகப் பூச்சியை எதிர்பார்த்து நிற்கும் பராதீனமும் செலவுகளே. இவற்றினும் பெரிய செலவு, கைகூடி வந்த நற்சேர்க்கை கலைந்து போவது. கெட்டிச் சுளையோடு தேனாய் இனித்த வருக்கைச் சக்கையின், அதாவது பலாப்பழத்தின், கொட்டையை ஆசையோடு ஊன்றி, பல ஆண்டு காத்திருந்து, கடைசியில் குழைந்த சுளையுடைய கூழன் காய்ப்பதைக் கண்டவர்கள் இவ்வூர்களில் அநேகர். ‘தாயைப் போல பிள்ளை’ என்னும் பழமொழி வாழைக்குப் பொருந்தும் அளவுக்குப் பலாவுக்குப் பொருந்துவதில்லை. வெற்றி பெற்ற தாய் தன்னைப் போலவே பிள்ளை பெறாமல், அந்த வெற்றியைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போடுவது என்ன விவேகம் என்பதே பால்வழிப் பிறப்பின் மீதுள்ள மூல ஆக்ஷேபம்.

3. தோற்றம் வேறு, நிலைபேறு வேறு

இவ்விஷயத்தைப் பற்றி எழுதுவோர் பலர், பால்வழிப் பிறப்பு எப்படித் தோன்றியது என்ற கேள்வியையும் ஏன் நிலைத்தது என்ற கேள்வியையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். மீன் பிடிப்பதற்காகச் செய்த வள்ளம் பிற்காலத்தில் ஆளை ஏற்றிச் செல்லவும் உதவலாம். அதனால் ஆளேற்றுவதற்காகவே அது செய்யப்பட்டது என்று வாதிக்க முடியாது.

தோற்றத்தைப் பற்றிய பிரமாணங்கள் மிகப் பழையவை. கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள சாமர்செட் தீவின் பாறைகளில் கண்டெடுத்து நிக்கலஸ் பட்டர்ஃபீல்டு விவரித்த ‘பாங்கியோமார்பா’ என்னும் செம்பாசிப் புதைபடிவம், பால்வேறுபாட்டின் அடையாளம் தாங்கியது என்று கொள்ளப்படுகிறது. அதன் வயது ஏறக்குறைய 105 கோடி ஆண்டுகள். உட்கரு உடைய உயிர்களின் பெருங்கிளைகள் அனைத்திலும் பாலணுக்களை உண்டாக்கக் குரோமோசோம் தொகையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவுக்கு வேண்டிய மரபணுக்கள் பொதுவாகக் காணப்படுவதால், அவை யாவற்றுக்கும் மூதாதையாகிய உயிரே பால்வழி பெருகவல்லதாய் இருந்தது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட அனுமானம்.

அந்த மூதாதைக்கு இக்கருவிகள் எங்கிருந்து வந்தன? குன்றல் பிரிவின்போது டி.என்.ஏ. இழையை வேண்டுமென்றே வெட்டும் புரதமும், வெட்டுண்ட முனையை ஒப்பான மற்றோர் இழையோடு இணைத்துச் செப்பனிடும் புரதமும், பாக்டீரியா, ஆர்க்கியா ஆகிய நுண்ணுயிர்களில் டி.என்.ஏ.வைப் பராமரிக்கும் புரதங்களுக்குப் பங்காளிகள். ஆதலால் சேதத்தைச் செப்பனிடும் பட்டறையிலிருந்தே பால்வழிப் பிறப்பின் கருவிகள் எடுக்கப்பட்டன என்று கருதுவது பொருத்தமாகும். நல்ல காலத்தில் பாலின்றிப் பெருகி, ஊட்டம் குறையும்போதும் வெப்பம் தாக்கும்போதும் மட்டும் பால்வழிக்குத் திரும்பும் பாசிகளும் நுண்ணுயிர்களும் இன்றும் உள்ளன என்பது இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. ஆனால் செப்பனிடுதல் தோற்றத்தின் காரணமாகலாமே ஒழிய, இவ்வளவு செலவுள்ள ஏற்பாடு நூறு கோடி ஆண்டுகள் கைவிடப்படாமைக்கு அது ஒன்றே போதிய காரணமாகாது.

4. மூன்று சித்தாந்தங்கள்

நிலைபேற்றுக்கு அறிஞர் கூறும் காரணங்களை மூன்று வகுப்பில் அடக்கலாம்.

முதலாவது, வேறுபாட்டுச் சித்தாந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியரான ஆகஸ்ட் வைஸ்மன், இயற்கைத் தேர்வுக்கு வேண்டிய மூலப்பொருளாகிய வேறுபாட்டை வழங்குவதே பால்வழிப் பிறப்பின் பணி என்றார். 1930-இல் ஃபிஷரும் 1932-இல் முல்லரும் இதைக் கூர்மைப்படுத்தி, வெவ்வேறு வம்சங்களில் தோன்றிய இரண்டு நற்பிறழ்வுகள் ஓருடலில் கூடப் பால்வழியே குறுக்குவழி என்று காட்டினர். இதற்கு எதிரான வாதம் எளியது: இயற்கைத் தேர்வு நாளைய நன்மைக்காக இன்று செலவு செய்வதில்லை, பத்தாவது தலைமுறையில் வரப்போகும் லாபம், முதல் தலைமுறையிலேயே பாதியை இழந்த வம்சத்தைக் காப்பாற்றாது.

இரண்டாவது, சுத்திகரிப்புச் சித்தாந்தம். பாலின்றிப் பெருகும் வம்சத்தில் கேடான பிறழ்வுகள் ஒவ்வொன்றாகச் சேருமே அன்றி நீங்க வழியில்லை என்பதை, முன்னோக்கி மட்டுமே சுழலும் பற்சக்கரத்துக்கு ஒப்பிட்டு 1964-இல் முல்லர் விளக்கினார். கலப்பு நேரும்போதோ கேடுகள் சில பிள்ளைகளிடம் குவிந்து அவர்களோடு மடியும். மற்றவர் அச்சுமையின்றிப் பிறப்பர்.

மூன்றாவது, நோய்ச் சித்தாந்தம். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து குடியேறி 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன், அபூர்வமான உடலமைப்பு உடையவனை நோய் எளிதில் பற்றாது என்ற கருத்தை 1949-இலேயே வெளியிட்டார். 1973-இல் லீ வான் வேலன், லூயிஸ் கரோலின் சிறுவர் கதையில் நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓயாது ஓடவேண்டிய நாட்டுக்கு அரசியான சிவப்பு ராணியின் பெயரை, எதிரிகளோடு உயிர்கள் நடத்தும் முடிவில்லாப் பந்தயத்துக்குச் சூட்டினார்; 1980-இல் ஹாமில்டன் அதைப் பால்வழிப் பிறப்பின் விளக்கமாகவே வளர்த்தார். பூட்டு அடிக்கடி மாற்றப்பட்டால் கள்ளச்சாவி பயனற்றுப் போகும் என்பதே இதன் சாரம். லாபம் அடுத்த தலைமுறையிலேயே கிடைப்பது இதன் விசேஷம். நியூசிலாந்து ஏரிகளில் பால்வழி பெருகும் நத்தைகளும் பாலின்றிப் பெருகும் நத்தைகளும் கலந்து வாழ்வதையும், ஒட்டுண்ணிப் புழு மிகுந்த ஏரிகளில் ஆண்நத்தைகள் மிகுந்திருப்பதையும் 1987-இல் கர்ட்டிஸ் லைவ்லி கண்டறிந்தது இதற்கு வலுவான சான்று.

5. தோட்டத்தில் நடந்த பரீட்சை

வாழை முதலில். காட்டு வாழையின் பழத்துக்குள் கல்போன்ற விதைகள் நிறைந்திருக்கும். நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பான்மை மூன்று தொகுதிக் குரோமோசோம்களை, அதாவது பதினொன்று வீதம் முப்பத்துமூன்றை, உடையவை. மூவரை இருவர் இருவராக நிறுத்த முடியாதது போல இவை குன்றல் பிரிவில் சரியாக இணைசேர முடிவதில்லை. ஆகவே விதையில்லை, கன்றே கதி.

இவ்வாறு அச்சுப்படியாகப் பெருகிய வம்சத்துக்கு நேர்வதை உலகறியக் காட்டியது ‘குரோ மிஷேல்’ வாழையின் கதை. மத்திய அமெரிக்காவின் தோட்டங்களை நிறைத்திருந்த அந்த ஒற்றை வகையை மண்ணில் வாழும் ஃபியூசேரியம் பூசணத்தின் வாடல்நோய் அழித்தது. 1960-களுக்குள் ஏற்றுமதியாளர் அந்நோயைத் தாங்கும் கேவண்டிஷுக்கு மாறினர். இன்று அதே பூசணத்தின் மற்றொரு பிரிவு கேவண்டிஷையும் வாட்டி, பீகார், உத்தரப் பிரதேசம் வரை வந்துவிட்டது. சிவப்பு ராணியின் பந்தயத்தில் ஒரு தரப்பு ஓடாமல் நின்றுவிட்டால் முடிவு இதுவே.

இதன் சிறிய பிரதியை எல்லைக் கிராமத்திலும் காணலாம்; ஆனால் அதற்குமுன் ஒரு பெயர்க்குழப்பம் தீர வேண்டும். கேரளத்தார் பூவன் என்பது தமிழ்நாட்டார் சொல்லும் ரஸ்தாளி. தமிழ்நாட்டார் பூவன் என்பதோ இங்கே பாளையங்கோடன். ரஸ்தாளி வாடல்நோய்க்கு எளிதில் இரையாகும்; பாளையங்கோடன் பெரும்பாலும் தப்பி நிற்கும். மண் ஒன்று, பூசணம் ஒன்று, பராமரிக்கும் கை ஒன்று. பிரிவினை செய்வது பிறப்பில் அமைந்த உடலமைப்பு மாத்திரமே. தோட்டம் முழுவதும் ரஸ்தாளியாயிருந்தால் நோய் தீயாய்ப் பரவும். ஆறு வகை கலந்து நின்றால் ஆங்காங்கே தடைபடும். வீட்டுக்காரர் பல வாழைகளைச் சேர்த்து நடும்போது, வாழை தானாகச் செய்யமாட்டாத கலப்பைத் தம் கையால் செய்துவைக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மரச்சீனியின் கதை வேறு பாடம் கற்பிக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் உயிரைத் தாங்கியதும் அதுவே. வாழையைப் போலன்றி மரச்சீனி பூத்து விதை வைக்கவல்லது. அதன் தாயகத்துப் பூர்வகுடி விவசாயிகள், கம்பு நட்டுப் பயிர் செய்தாலும் தாமாக முளைத்த நாற்றுகளில் நல்லவற்றை விட்டுவைத்து, அவற்றின் கம்பையும் அடுத்த நடவில் சேர்த்துக்கொள்வர். பாலிலா வம்சத்துக்குள் பால்வழியின் புது ரத்தம் இவ்வாறு இடையிடையே பாய்கிறது. நமக்கோ கம்புதான் விதை. அந்தக் கம்பின் வழியாகவும் வெள்ளை ஈயின் வழியாகவும் தேமல் நோய் வருஷந்தோறும் தொடர்கிறது. 2017-இல் வெளியான மரச்சீனி மரபுத்தொகுதி ஆராய்ச்சி, பயிரிடப்படும் வம்சங்களில் கேடான பிறழ்வுகள் குவிந்திருப்பதையும், இரட்டைப் பிரதிகளில் ஒன்று நல்லதாயிருப்பதால் அவை மறைந்து கிடப்பதையும் எடுத்துக்காட்டியது. முல்லரின் பற்சக்கரம் நம் கிழங்குக்குள்ளேயே சுழல்கிறது.

இக்கட்டிலிருந்து மீளும் வழி எப்போதும் பூவின் வழியே திறந்திருக்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், மரச்சீனியைக் கலந்து எச்-97, எச்-165, எச்-226 என்னும் கலப்பினங்களை 1971-இல் வெளியிட்டது. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு நிலையத்தில் டி.எஸ். வெங்கடராமன், கரணையால் பெருகும் ‘வெள்ளை’ கரும்பைக் காட்டு நாணலினத்தோடு மணம் முடித்துப் பெற்ற கோ 205 கரும்பு 1918-இல் வட இந்திய வயல்களுக்குச் சென்றது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் 1932 முதல் 1934 வரை தாவரவியல் கற்பித்த இ.கே. ஜானகி அம்மாள் பிறகு அந்நிலையத்துக்கே சென்று, கரும்பைப் பிற புல்லினங்களோடு கலக்கும் ஆராய்ச்சியை நடத்தினார். இந்த அறிஞர் அனைவரும் செய்தது ஒன்றே: அச்சுப்படியாகத் தேங்கிப்போன பயிரை ஒரேயொருமுறை பால்வழிக்குத் திருப்பி, கிடைத்த பிள்ளைகளுள் சிறந்ததை மறுபடி அச்சுப்படி எடுத்தார்கள்.

6. சான்றுகளின் வரம்பு

இவ்வளவும் பால்வழிப் பிறப்புக்கு ஆதரவான சாக்ஷியம் என்று எண்ணி நிறுத்திவிட்டால் ஆராய்ச்சி பக்ஷபாதமுடையதாகும். மூன்று ஆக்ஷேபங்களை எதிர்கொண்டாக வேண்டும்.

முதலாவது, விதையின் புகழைப் பால்வழிப் பிறப்பின் கணக்கில் எழுதுவது தவறு. வாழையின் குருத்தைக் கொத்தாக்கும் முடிக்கொத்து நோயும் மரச்சீனித் தேமலும் நோயுற்ற தாயிடமிருந்து கன்றுக்கும் கம்புக்கும் பரம்பரைச் சொத்தாகச் செல்கின்றன. பெரும்பாலான வைரஸ்கள் விதையின் வழியே கடப்பதில்லை. ஆனால் விதை வேறு, பால்வழி வேறு. மேற்குக் கடற்கரையின் சந்திரக்காரன், குருக்கன் முதலிய மாவினங்களில் ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் எழும். அவற்றுள் பெரும்பாலானவை தந்தையில்லாமல் தாயின் திசுவிலேயே உருவான படிகள். அதாவது விதையின் சௌகரியம் முழுவதையும் கலப்பின்றியே மா அனுபவிக்கிறது. மறுபுறம், வைரஸ் இல்லையென்று சோதித்தறிந்த திசுவிலிருந்து வளர்க்கும் வாழைக்கன்று வைரஸின்றிப் பிறக்கிறது. ஆனால் ரஸ்தாளியின் திசுவில் வளர்ந்த கன்றும் வாடல்நோய்க்கு ரஸ்தாளியே. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், பரம்பரைத் தொற்றிலிருந்து விடுபடுவது புதுத்தொடக்கத்தின் பயன். உடலமைப்பை அறிந்துவைத்த எதிரியிடமிருந்து விடுபடுவது மட்டுமே கலப்பின் சொந்தப் பயன் என்று பிரித்தறியலாம். இப்பிரிவினையைச் செய்யாமல் முடிக்கொத்து நோயைச் சிவப்பு ராணிக்குச் சான்றாகக் காட்டுவது பிழையாகும்.

இரண்டாவது, பாலின்றி நெடுங்காலம் வாழும் உயிர்கள் உண்டு. வெப்ப நாடுகளில் முடிக்கொத்து வைரஸைச் சுமக்கும் வாழை அசுவினியே பெரும்பாலும் ஆணின்றிப் பெருகுவது. பாலிலா வாழைக்கு நோய் கொண்டுவரும் தூதனும் பாலிலா ஜீவன்! குளத்துப் பாசியில் வாழும் டெல்லாய்டு சக்கரப்புழுக்களில் ஆணை எவரும் கண்டதில்லை. அவை கோடிக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறே வாழ்ந்திருக்கின்றன. எனினும் அவை உலர்ந்து தூசியாகிக் காற்றில் பறந்து வேறிடம் சென்று தம் பூசண எதிரிகளை விட்டு விலகுவதும், பிற உயிர்களின் மரபணுக்களை ஏற்பதும் அறியப்பட்டுள்ளன. பூட்டை மாற்றாதவன் வீட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறான். இது சித்தாந்தத்தை மறுப்பதைவிட அதன் எல்லையைக் காட்டுகிறது.

மூன்றாவது, தோட்டம் இயற்கையன்று. ஒரே வாழையை ஊர் ஊராக நட்டு நோய்க்கு விருந்து வைப்பவன் மனிதன். ஆகவே பயிர் நோய்களின் உக்கிரத்தைக் காட்டின் கணக்காகக் கொள்ளலாகாது. இந்த ஆக்ஷேபம் நியாயமானதே. ஆனால் காட்டிலும் ஒரு பாலிலா வம்சம் இரட்டைச் செலவை மிச்சப்படுத்தி வெற்றி பெறுமானால், அந்த வெற்றியே அதனை ஊர் ஊராகப் பரப்பிவிடும். மேனார்டு ஸ்மித்தின் கணக்கு சொல்லும் பெருக்கமும் ஹாமில்டன் சொல்லும் ஆபத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. மனிதன் செய்தது அந்தப் பெருக்கத்தை விரைவாக்கியது மாத்திரமே.

7. முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. பால்வழிப் பிறப்பின் கருவிகள் டி.என்.ஏ.வைச் செப்பனிடும் பழைய ஏற்பாட்டிலிருந்து வந்திருத்தல் கூடும். கேடான பிறழ்வுகளைக் களைவது அதன் மெய்யான பயன்; ஆனால் அது மெதுவாக விளைவது. உடனடிச் செலவை ஈடுகட்டத்தக்க உடனடி லாபம், எதிரிகள் மலிந்தும் அண்டை அயலார் ஒரே அச்சாயும் இருக்குமிடத்தில், அச்சில் வாராத பிள்ளையைப் பெறுவதே. தோட்டத்துப் பாலிலாப் பயிர்கள் இந்தச் செலவிலிருந்து தப்பிவிடவில்லை. வாழை வகைகளைக் கலந்து நடும் வீட்டுக்காரர், தேமல் கண்ட மூட்டைப் பிடுங்கியெறியும் பெண்கள், ஸ்ரீகாரியத்தில் மகரந்தம் தூவும் ஆராய்ச்சியாளர் ஆகியோர் அவற்றுக்காக அதைச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில், தம் பகைவரான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பித் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாக ஐதிகம் கூறும் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பலாவின் பொந்துடைய அடிமரம் இன்று பட்டுப்போன கட்டையாகப் பாதுகாக்கப்படுகிறது. அதன் சக்கைகளைத் தின்றவர் எறிந்த கொட்டைகளில் எவை எங்கே முளைத்தன என்று எவரும் கணக்கு வைத்திருக்கவில்லை; முளைத்த மரங்களில் சில வருக்கையாகவும் சில கூழனாகவும் நின்றிருக்கும், ஒன்றும் அந்த அம்மச்சியாக நின்றிராது. அக்கோயிலின் படையலில் வைக்கும் வாழைப்பழமோ, மார்த்தாண்டவர்மா காலத்து மூடு ஒன்றிலிருந்து கன்று கன்றாக வந்ததாயின், இன்றும் அதே பழந்தான். மனிதன் கன்று பிரித்து நடுவதை நிறுத்தும்வரை அது அப்படியே இருக்கும்.